ரப்பர் தேய்த்த கூலி

"ஆன் ஆகலைண்ணே" என்று சொல்லிக்கொண்டு கணினியைத் தூக்கி வருகிறவர்களிடம் காரைக்கால் மெக்கானிக் ஒருவர் கேட்கும் முதல் கேள்வி, "எது வரைக்கும் வருது?" பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லையா? ஃபேன் சுற்றியும் திரை கறுப்பாகவே நிற்கிறதா? கம்பெனிப் பெயர் வந்து, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஏதோ கேட்டு நிற்கிறதா? விண்டோஸ் சின்னம் தெரிந்து நீலத் திரையில் முடிகிறதா? கொண்டுவருகிறவருக்கு நான்கும் ஒன்றுதான். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கோ நான்கும் நான்கு வேலை. சரியான பதில் கிடைத்தால் ஒரு மணி நேரம் மிச்சமாகும். பலரும் அந்தப் பதிலைச் சரியாகச் சொல்வதில்லை.

காரைக்காலில் பாரதியார் வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே ஓரிடம், அதற்குப் பின்னால் ஒரு அறை, இவ்வளவுதான் கடை. மெக்கானிக்குக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. உடன் வேலை செய்யும் பெண் பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர். காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழா நெருங்கும் நேரத்தில் போயிருந்தேன். ஆனி மாத வெயிலில் வீதியில் பந்தல் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். நான் போனது திருவிழாவுக்காக இல்லை. பழைய கணினிகளுக்கு உயிர்கொடுக்கும் கைகள் எப்படி யோசிக்கின்றன என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. ஆனால் புதுச்சேரி நகரம் வடக்கே நூறு கிலோமீட்டருக்கும் மேல். தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், வடக்கே நண்டலாற்றைத் தாண்டினால் பொறையாறு, தரங்கம்பாடி. கடல் பக்கம் தவிர, எல்லையைச் சுற்றி முழுக்கத் தமிழ்நாடு. இந்தக் கடைக்கு வருகிறவர்களில் எல்லைக்கு வெளியே இருக்கும் ஊர்க்காரர்களும் உண்டு. உதிரிப் பாகங்கள் சென்னை ரிச்சி தெருவிலிருந்து, ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தூரம், இரவுப் பேருந்தில் பார்சலாக வந்து விடிகாலையில் இறங்குகின்றன. இன்று கெட்டுப்போனதற்கு நாளை காலைக்கு முன்னால் புதுப் பாகம் கிடைக்காது என்பதால் இங்கே பரணே கையிருப்பு. எச்சிஎல் புதுச்சேரியில் ஆலை வைத்துக் கணினி செய்த காலத்துக் கேபினட்டுகள்கூட அங்கே அடுக்கியிருக்கின்றன. எதையும் மெக்கானிக் தூக்கிப் போடுவதில்லை.

நான் போன காலையில் ஒரு அச்சகத்துக்காரர் தன் மெஷினை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார். மெக்கானிக் அவரை "வாங்க பாய்" என்றார். அவர் மெக்கானிக்கைத் "தம்பி" என்றார்.

"தம்பி, ராத்திரி நல்லா ஓடுச்சு. காலையில பொத்தானை அமுக்கினா காத்து மட்டும் சுத்துது, டிவியில ஒண்ணும் வரலை. மாங்கனி நோட்டீஸ் பாதியில நிக்குது. ரெண்டு நிக்காஹ் பத்திரிகை வேற இருக்கு."

இந்த மெஷினைக் கைகழுவிவிட்டுப் புதுசு வாங்கினால் என்ன என்று நான் கேட்டேன். பாய் என்னைப் பார்த்த பார்வையிலேயே கேள்வி தவறு என்று தெரிந்தது. அதில் இருப்பது விண்டோஸ் எக்ஸ்பி. மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலோடு அதைக் கவனிப்பதை நிறுத்திவிட்டது. அதற்குள் அடோபி பேஜ்மேக்கர். 2001ல் வந்த 7 ஆம் பதிப்போடு அந்த மென்பொருளின் வளர்ச்சி நின்றுபோனது. அதற்குள், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த பல ஆண்டுக் கல்யாணப் பத்திரிகைகள், கந்தூரி நோட்டீசுகள், கண்ணீர் அஞ்சலிகள். தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடுக்கு மாறிவிட்டது. ஆனால் சிறிய அச்சகங்கள் அப்படி ஒரே நாளில் மாறிவிட முடியாது. பழைய கோப்பைப் புதிய கணினியில் திறந்தால் மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து நிற்கும். ஒரே குடும்பத்தின் அண்ணன் பத்திரிகையைத் தம்பி கல்யாணத்துக்குத் தேதி மட்டும் மாற்றிக் கேட்பார்கள். அது உடனே கைக்குக் கிடைப்பதுதான் பாயின் பிழைப்பு. இணைய இணைப்பே தராமல் அந்த மெஷினை அவர் பத்திரமாக வைத்திருக்கிறார். பழைய கணினி என்றாலே கஞ்சத்தனம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை இப்படி ஒரு அச்சகத்துக்குப் போய் நிற்க வேண்டும்.

மெக்கானிக் உடனே ஸ்விட்ச் போடவில்லை. இதைத்தான் நான் முதலில் கவனித்தேன். நம்மில் பலருக்கு, ஓடாத பொருளைக் கண்டால் இன்னொரு தடவை போட்டுப் பார்க்கத்தான் கை போகும். அவர் பக்கத் தகட்டைக் கழற்றி மூக்கை உள்ளே கொண்டுபோனார். கருகல் வாடை இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தார். எறும்பு மண் இல்லை, பல்லி செத்துக் கிடக்கவில்லை (இரண்டுமே இங்கே அடிக்கடி நடப்பவையாம்), போர்டில் கெபாசிட்டர் எதுவும் உப்பவில்லை. பிறகுதான் "மீட்டரை எடும்மா" என்றார்.

அடுத்து எஸ்எம்பிஎஸ். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை வாங்கி 12, 5, 3.3 வோல்ட்டுகளாகப் பிரித்துத் தரும் பெட்டி அது. போர்டுக்குப் போகும் பெரிய பிளக்கைக் கழற்றி, பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பு வயரையும் வளைத்த கம்பித்துண்டால் அந்தப் பெண் இணைத்தார். ஃபேன் சுற்றியது. நானாக இருந்தால் "பவர் சரி" என்று முடிவு கட்டியிருப்பேன். அவர்கள் முடிவு கட்டவில்லை. ஃபேன் சுற்றக் கொஞ்சம் மின்சாரம் போதும். ஒரு பழைய ஹார்ட் டிஸ்கைச் சுமையாக மாட்டி, மஞ்சள் வயரில் மீட்டரை வைத்தார்கள். 12 வோல்ட் லைன் 11.4க்குக் கீழே இறங்கக் கூடாது, 12.6க்கு மேலே ஏறக் கூடாது. இரு பக்கமும் ஐந்து விழுக்காடுதான் இடம். அது 11.9 காட்டியது. சாம்பல் வயரையும் பார்த்தார்கள். எல்லா மின்னழுத்தமும் நிலைக்கு வந்துவிட்டது என்று எஸ்எம்பிஎஸ் போர்டுக்குச் சொல்லும் சைகை அதில்தான் போகிறது. அந்தச் சைகை வராவிட்டால் ஃபேன்கள் சுற்றிக்கொண்டே இருக்கும், பிராசஸர் மட்டும் வேலையைத் தொடங்காது. "எஸ்எம்பிஎஸ் மேல பழி இல்லை," என்று அந்தப் பெண் ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் இந்தத் தொழிலின் இதயம் என்பேன். கழற்றக்கூடியதை எல்லாம் கழற்றினார்கள். ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ், முன்பக்க யூஎஸ்பி வயர், விசைப்பலகை, மவுஸ் எல்லாம் போயின. முன்பக்கப் பொத்தானின் வயரைக்கூட எடுத்துவிட்டார்கள். உப்புக் காற்றில் துருப்பிடித்த பொத்தானே குற்றவாளியாக இருந்த கதைகள் உண்டாம். போர்டில் இருக்கும் இரண்டு ஊசிகளை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் தொட்டால் அதுவே ஸ்விட்ச். மிஞ்சியவை போர்டு, பிராசஸர், ஒரு ராம், சின்ன ஸ்பீக்கர் ஒன்று. திரை இன்னும் கறுப்பு. சத்தமும் இல்லை.

உடனே அவர் ராமையும் கழற்றினார். ராம் இல்லாமல் கணினி ஓடாது என்பது ஊருக்கே தெரியும். எதற்கு இது என்று யோசித்தேன். ஊசிகளைத் தொட்டார். ஸ்பீக்கர் விட்டு விட்டு, நீளமாகக் கத்தியது.

"கத்துதா? அப்ப போர்டு உயிரோட இருக்கு, பிராசஸரும் உயிரோட இருக்கு. ராம் இல்லைன்னு சொல்லவாவது ஆள் இருக்கு. இப்பவும் கத்தாம இருந்திருந்தா எனக்குக் கவலை வந்திருக்கும்."

1981ல் ஐபிஎம் முதல் பிசியை வெளியிட்டபோதே இந்த ஏற்பாடு வந்துவிட்டது. திரை எழும்புவதற்கு முன் கணினி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். எல்லாம் சரியென்றால் ஒரு சின்ன பீப், தவறென்றால் வேறு தாளம். கணினி எழும்பும்போது முதலில் ஓடும் நிரலான பயாஸைச் செய்யும் கம்பெனிக்குக் கம்பெனி தாளம் மாறும். இப்போது வரும் பல போர்டுகளில் ஸ்பீக்கரே தருவதில்லை. சில ரூபாய் மிச்சப்படுத்த நோயாளியின் வாயை அடைத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இவர் பெஞ்சில் கழற்றியெடுத்த குட்டி ஸ்பீக்கர்கள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன.

ராம் கார்டின் அடிவிளிம்பில் தங்கப் பூச்சுப் பூசிய பட்டைகள் வரிசையாக இருக்கும். அந்தப் பெண் அவற்றை விளக்கடியில் சாய்த்துக் காட்டினார். மங்கலாக ஒரு படலம். பென்சில் ரப்பரை எடுத்து, அழுத்தாமல், ஒரே திசையில் தேய்த்தார். பிறகு ஐபிஏ என்கிற ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தார். ஸ்லாட்டை மென்மையான பிரஷ்ஷால் தட்டி ஊதினார். ராமை உட்காரவைத்ததும் இரு பக்கக் கொக்கிகளும் டக்கென்று விழுந்தன. ஸ்க்ரூ டிரைவர் நுனி. ஒரு சின்ன பீப். திரையில் கம்பெனிப் பெயர்.

பாய் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

அந்தப் படலம் ஏன் வருகிறது என்பதில் காரைக்காலின் கடல் இருக்கிறது. அரசலாறு கடலில் சேரும் ஊர் இது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்ணிய துளிகள் காற்றில் காய்ந்து உப்புத் துகளாகி ஊருக்குள் வருகின்றன. உப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்து இரவுகளில் இந்தக் கரையோரத்தில் அந்த அளவு ஈரம் சாதாரணம். கணினி ஓடும்போது உள்ளே சூடாக இருக்கும், ஈரம் தங்காது. அணைத்த பிறகு குளிர்ந்து, உப்பு ஈரமாகி, தங்கப் பூச்சின் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக அடியில் உள்ள உலோகத்தை அரிக்கிறது. அதனால்தான் "ராத்திரி நல்லா ஓடுச்சு, காலையில வரலை" என்ற பேச்சு இங்கே அடிக்கடி கேட்கிறது. வருடத்தில் ஒரு தடவையாவது திறந்து துடைக்கச் சொல்கிறார் மெக்கானிக். ஆனால் ரப்பர் பழக்கத்தை அவர் ஊக்குவிப்பதில்லை. ஒவ்வொரு தேய்ப்பிலும் அழுக்கோடு தங்கமும் கொஞ்சம் போகிறது. பலமுறை தேய்த்த ராமில் செம்பு நிறம் தெரிய ஆரம்பிக்கும். அதற்கப்புறம் அதைக் காப்பாற்ற முடியாது.

வேலை அதோடு முடிந்துவிடவில்லை. திரையில், அமைப்புகள் அழிந்துவிட்டன, எஃப்1 அழுத்து என்று ஒரு வரி. தேதி 2012 சனவரி 1. போர்டில் இருக்கும் காசு போன்ற செல்லை எடுத்து மீட்டரில் வைத்தார்கள். 3 வோல்ட் இருக்க வேண்டியது 2.3. புது செல் போட்டுத் தேதியைத் திருத்தினார்கள். ஹார்ட் டிஸ்கை மாட்டினால் எக்ஸ்பி சின்னம் ஒரு நொடி வந்து, நீலத் திரை. அடியில் 0x0000007B.

இந்த இடத்தில்தான் பல கணினிகள் அநியாயமாக உயிரிழக்கின்றன. "விண்டோஸ் போயிடுச்சு, ஃபார்மட் பண்ணிடலாம்" என்பார்கள். பாயின் மெஷினில் ஃபார்மட் செய்திருந்தால் அத்தனை பத்திரிகைகளும் அதோடு போயிருக்கும். மெக்கானிக் யோசித்த வழி வேறு. செல் தீர்ந்ததால் பயாஸ் தன் பழைய அமைப்பை மறந்து, ஆலையில் வைத்த அமைப்புக்குத் திரும்பியிருக்கிறது. அந்த போர்டு சாட்டா டிஸ்கோடு பேச ஆலையில் வைத்த முறை ஏஎச்சிஐ. எக்ஸ்பிக்கு அதைப் பிறவியிலேயே தெரியாது. பல ஆண்டுகளுக்கு முன் யாரோ ஐடிஇ என்ற பழைய முறைக்கு மாற்றி வைத்துத்தான் எக்ஸ்பியை ஏற்றியிருக்கிறார்கள். ஆக, டிஸ்க் கண்ணெதிரே இருந்தும் எக்ஸ்பியால் அதைப் பிடிக்க முடியவில்லை. பயாஸில் ஒரே ஒரு வரியை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அதையும் அவர் உடனே மாற்றவில்லை. "டிஸ்கைக் காப்பி எடுக்காம நான் மேற்கொண்டு எதையும் ஓட்டிப் பாக்க மாட்டேன்." டிஸ்கைக் கழற்றி, லினக்ஸ் பென் டிரைவில் ஓடும் பெஞ்ச் மெஷினில் மாட்டினார்கள். டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல் முதலில் நல்லபடி படிக்கக்கூடிய பகுதிகளை எல்லாம் வேகமாக எடுத்துக்கொண்டு, சிக்கலான இடங்களைப் பட்டியலிட்டு வைத்து, கடைசியில் அவற்றுக்குத் திரும்பி வரும். சாகப்போகிற டிஸ்கை அதன் கெட்ட இடத்திலேயே வைத்து இடித்துக்கொண்டிருந்தால் நல்ல இடமும் சேர்ந்து போய்விடும் என்பதால் இந்த வரிசை. பாயின் டிஸ்கில் சில இடங்கள் நலிந்திருந்தாலும் எல்லாம் வந்துவிட்டன. பிறகே பயாஸில் அந்த வரி மாறியது. எக்ஸ்பி எழும்பியது. பேஜ்மேக்கர் திறந்து, பாதியில் நின்ற மாங்கனி நோட்டீசில் சிவனின் பிச்சாண்டவர் கோலப் படம் வந்ததும் பாய் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

காப்பி ஓடிய நேரத்தில் பக்கத்துப் பெஞ்சில் வேறொரு மெஷின். மின்சாரமே ஏறாதது. எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்தால் வேரிஸ்டர் என்கிற சிறு வில்லை கருகி வெடித்திருந்தது. அளவுக்கு மீறிய மின்னழுத்தம் வரும்போது அதைத் தன்மேல் வாங்கி ஃபியூஸைப் போக வைத்து மற்றவற்றைக் காப்பதற்காக வைத்த காவலாள் அது. திருமலைராயன்பட்டினத்தில் இயற்கை எரிவாயுவில் ஓடும் 32.5 மெகாவாட் மின்நிலையம் காரைக்காலுக்கு இருக்கிறது. ஆனாலும் இடியும் புயலும் யாரையும் கேட்டு வருவதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் இடையே கரை கடந்த பிறகு, மின்சாரம் திரும்பி வந்த நாட்களில் இப்படி வெடித்த பெட்டிகள் வரிசையாக வந்ததை அவர் சொன்னார்.

பரணில் உப்பிய கெபாசிட்டர்களோடு சில பழைய போர்டுகளும் இருந்தன. 2000களின் தொடக்கத்தில் உலகம் முழுக்க நடந்த கோளாறு அது. உள்ளிருக்கும் திரவத்தின் தயாரிப்பு சரியில்லாமல் வாயு உண்டாகி, தலை புடைத்து, கசிந்து செத்தன. டெல் நிறுவனம் ஆப்டிபிளெக்ஸ் வகைக் கணினிகளைச் சரிசெய்து கொடுக்க 2005ல் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. அதே கோளாறை இந்தச் சந்தில் ஒரு சோல்டரிங் அயனும் சில ரூபாய் கெபாசிட்டர்களும் தீர்த்திருக்கின்றன. மைனஸ் பக்கத்துக் கோட்டைப் பார்த்து மாட்ட வேண்டும், மாற்றி மாட்டினால் வெடிக்கும் என்று அந்தப் பெண் எனக்கு ஒன்றைக் கழற்றிக் காட்டினார். சிப் லெவல் வேலையை அவர் இங்கேதான் கற்றுக்கொண்டிருக்கிறார்.

மாலையில் கணக்கு. ராம் துடைத்தது, செல் போட்டது, டிஸ்க் காப்பி எடுத்தது, பயாஸ் திருத்தியது. பாய் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். எல்லாரும் அப்படியில்லை. நான் இருந்த நேரத்திலேயே வேறொருவர், "ரப்பரால தேய்ச்சதுக்கா இவ்வளவு? பார்ட் எதுவும் மாத்தலையே" என்று சண்டை பிடித்தார். மெக்கானிக் பதில் பேசவில்லை, கேட்டதில் பாதியை வாங்கிக்கொண்டார். எனக்குத்தான் தாங்கவில்லை. புது மதர்போர்டு போட்டிருந்தால் அந்த வாடிக்கையாளர் ஆயிரக்கணக்கில் கேள்வி கேட்காமல் கொடுத்திருப்பார். தேவையில்லாத போர்டை விற்காமல் உண்மையைக் கண்டுபிடித்ததற்குத் தண்டனை பாதிக் கூலி. இப்படி வாடிக்கையாளர்களான நாமே நேர்மையான மெக்கானிக்கைப் பாகம் விற்கும் மெக்கானிக்காக மாற்றிவிடுகிறோம். அந்தப் பெண் இந்தத் தொழிலில் நிலைப்பாரா என்பது அவர் கையில் மட்டும் இல்லை. தேடிக் கண்டுபிடிப்பதும் ஒரு வேலைதான் என்று நாம் ஒப்புக்கொள்கிறோமா என்பதில் இருக்கிறது.

இனி இந்த வேலை கூடத்தான் போகிறது. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் புதிய பிராசஸரும் இல்லாத மெஷின்கள் நம் அலுவலகங்களிலும் வீடுகளிலும் நிறைய இருக்கின்றன. அவற்றில் பல இன்னும் நன்றாக ஓடுகின்றன. குப்பைக்குப் போவதா, லினக்ஸ் ஏற்றி மேலும் சில ஆண்டுகள் ஓட்டுவதா என்பதை இப்படிப்பட்ட பெஞ்சுகளில்தான் தீர்மானிக்கப்போகிறார்கள். பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022 இறுதியில் ஒரு தளத்தைத் திறந்தது. ஆனால் பழைய போர்டுகளின் சர்க்யூட் வரைபடங்களை இவர் இன்றும் நண்பர்களிடம் கைமாற்றாகத்தான் வாங்குகிறார். கம்பெனிகள் தாமாக முன்வந்து அவற்றைத் தர வேண்டும்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கடை இருக்கும். அடுத்த முறை ஓடாத கணினியைக் கொண்டுபோகும்போது, கடைசியாக என்ன நடந்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்: மழை ஒழுகியதா, மின்சாரம் போய் வந்ததா, பையன் எதையாவது கழற்றினானா. எந்தக் கோப்பு உங்களுக்கு உயிர் என்பதை முதலிலேயே சொல்லுங்கள், காப்பி எடுக்காமல் ஃபார்மட் செய்ய யாரையும் விடாதீர்கள். பாகம் எதுவும் மாற்றாமல் சரிசெய்து கொடுத்தாலும், இதைச் சரிசெய்ய முடியாது என்று கையை விரித்தாலும், பார்த்ததற்கான கூலியை முழுசாகக் கொடுத்துவிட்டு வாருங்கள்.